அளவுகோல் யார் கையில்?

செல்வமும் ஆட்சியும் ஒரே வீட்டிற் குடியிருப்பதை எமது மக்கள் நெடுங்காலமாகக் கண்டு பழகிவிட்டனர். பணமுள்ளவன் வாக்கை வாங்குகின்றான், ஆதலால் ஆள்கின்றான் என்று கூறி விடயத்தை அத்துடன் முடித்துவிடுகின்றனர். இது முழு உண்மையன்று. வாக்கை வாங்குவது செலவு மிக்க வேலை. பலன் நிச்சயமில்லாத வேலையுங்கூட. அதனினும் மலிவான வழியொன்று உண்டு. எவருக்கு வாக்கு உண்டு, எவர் சபைக்கு வரத் தகுந்தவர் என்று அளக்கின்ற கோலைத் தம் கையில் வைத்துக்கொள்வதே அவ்வழி. இலங்கையின் ஆட்சி சில குடும்பங்களின் கைக்குச் சென்ற வரலாற்றை நோக்குவோர்க்கு இவ்வுண்மை தெளிவாகும்.

முதலிற் செல்வம் வந்த வழியைக் காண்போம். உறுதி காட்டப்படாத காடும் தரிசும் முடிக்குரிய காணியே என்று கொள்ளுதற்கு 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. அக்காணிகளை மலிவாகக் கொண்டு ஐரோப்பியத் தோட்டக்காரர் கோப்பி பயிரிட்டனர். சுதேசிகளுள்ளும் ஒரு கூட்டத்தினர் அவர்களைப் பின்பற்றினர். சாராயம் விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. குத்தகையை எடுத்தவர்கள் தவறணைகளிலிருந்து திரட்டிய இலாபத்தைத் தென்னந்தோட்டத்திலும், காரீயச் சுரங்கத்திலும், கொழும்பு வீடுவாசல்களிலும் முதலிட்டனர். இச்செல்வத்திற் பெரும்பங்கு அரசாங்கம் கொடுத்த உரிமையினால் விளைந்தது என்பதை மறத்தலாகாது. அதே காலத்திற் கமக்காரனின் நிலை யாது? அவன் விளைவித்த நெல்லுக்கு அரசாங்கம் வரி கொண்டது. தோட்டக் காணிக்கோ அத்தகைய வரி இல்லை. வரி செலுத்த இயலாது வயலையே இழந்த குடும்பங்கள் பல. 1892 ஆம் ஆண்டிலேதான் அவ்வரி நீக்கப்பட்டது.

இந்த அநீதி அவ்வளவு காலம் நிலைத்தது எங்ஙனம்? கமக்காரனுக்குச் சபையிற் குரல் இல்லை என்பதே விடை. 1833 இல் அமைந்த சட்டநிரூபண சபையில் உத்தியோகத்தரல்லாத அங்கத்தவர் அறுவர். அவருள் மூவர் ஐரோப்பியர். எஞ்சிய மூவர் சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர், பறங்கியர் ஒருவர். அனைவரையும் தேசாதிபதியே நியமித்தார். தமிழர் ஆசனத்துக்கு முதலில் நியமனம் பெற்ற குமாரசுவாமியின் மகன் முத்துக்குமாரசுவாமி 1860 களின் தொடக்கம் முதல் 1879 வரை அதனை வகித்தார். அவருக்குப் பின் அவருடைய மருமகன் பொன்னம்பலம் இராமநாதன். இராமநாதனுக்குப் பின் 1898 வரை அவருடைய சகோதரர் குமாரசுவாமி. இவர்கள் கல்வியும் ஆற்றலும் மிக்கவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஏறக்குறைய நாற்பதாண்டுகள் ஓர் இனம் முழுவதற்கும் ஒரு குடும்பமே வாயாக இருந்தது. சிங்கள ஆசனத்தின் நிலையும் இதனின் வேறன்று.

கிராமத்திலும் அதே முறைதான் நிலவியது. யாழ்ப்பாணத்தில் மணியகாரர், உடையார், விதானை ஆகிய பதவிகள் காணியுள்ள குடும்பங்களிடமே சுற்றிச் சுற்றி வந்தன. காணிச் சச்சரவானாலும் பொலிசுக்குச் சொல்லும் சாட்சியானாலும் அவ்வீட்டுத் திண்ணையைத் தாண்டியே செல்ல வேண்டியிருந்தது. விதானை முறை ஒழிந்து கிராம சேவகர் வந்தது 1963 ஆம் ஆண்டில் என்பதை எண்ணிப் பார்க்க.

நியமனம் போய்த் தேர்தல் வந்தபொழுதும் கோல் கைமாறவில்லை. 1911 ஆம் ஆண்டின் இறுதியிற் படித்த இலங்கையருக்கென ஓர் ஆசனத்துக்குத் தேர்தல் நடைபெற்றது. நாட்டின் சனத்தொகை 41 இலட்சம். வாக்காளரோ ஏறக்குறைய 3,000 பேர். ஆங்கிலம் கற்றோர்க்கே வாக்குரிமை. இராமநாதனும் டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவும் போட்டியிட்டனர். சிங்களக் கொவிகம செல்வர்கள் பலர், கராவ சாதியினரான பெர்னாண்டோவை விடுத்துத் தமிழ் வேளாளரான இராமநாதனை ஆதரித்தனர், இராமநாதன் வென்றார். மூவாயிரம் வாக்கு இருந்த காலத்திற் செல்வர்களுக்குச் சிங்களவர், தமிழர் என்ற பேதம் பெரிதாகத் தோன்றவில்லை என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

1920 களிலும் எழுத்தறிவும், ஆண்டுக்கு 600 ரூபா வருமானம் அல்லது குறித்த பெறுமதியுள்ள சொத்தும் உடைய ஆண்களுக்கே வாக்கு. சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேரளவிலேயே அது கிடைத்தது. 1927 இல் டொனமூர் ஆணைக்குழு வந்தபொழுது, நாட்டின் விடுதலைக்கென எழுந்த இலங்கைத் தேசிய காங்கிரஸ் மாதம் 50 ரூபா வருமானம் என்ற எல்லையை விட்டுக்கொடுக்க மறுத்தது. இராமநாதனும் சர்வசன வாக்குரிமையைக் கடுமையாக எதிர்த்தார். ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கமும், பெண்கள் வாக்குரிமைச் சங்கமும் அதற்காகக் குரல் கொடுத்தன. பிரபுக்கள் கேளாததை ஆணைக்குழு கொடுத்தது. 1931 இல் 21 வயதடைந்த ஆணும் பெண்ணும் வாக்களித்தனர். இரண்டு இலட்சத்தை ஒட்டியிருந்த வாக்காளர் தொகை பதினைந்து இலட்சத்தைத் தாண்டிற்று. அதன் பயனை நாடு கண்டது. இலவசக் கல்வி 1945 இல் வந்தது அந்த வாக்குரிமையாலேயே. எமது வாசகர்களுள் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் சட்டத்தரணியாகவும் விளங்கும் கமக்காரரின் பிள்ளைகள் எத்துணைப் பேர் என்பதை அவர்களே அறிவர்.

வாக்கு எல்லோர்க்கும் சென்றபின் செல்வர்கள் ஒதுங்கிவிடவில்லை. மூன்று வழிகளிற் கோலை மீண்டும் கைக்கொண்டனர்.

முதலாவது வழி இனம். இனப் பூசல் 1921 இலேயே தலைகாட்டிற்று என்பது உண்மை. ஆயினும் இலட்சக் கணக்கான ஏழைகளின் வாக்கு வேண்டியபொழுதுதான் அது பிரதான கருவியாயிற்று. தன் வயிற்றைப் பற்றிக் கேட்க வந்த வாக்காளனுக்கு அயலானைப் பற்றிய அச்சம் விடையாகக் கொடுக்கப்பட்டது. 1936 இன் தனிச் சிங்கள மந்திரிசபையும் 1956 இன் தனிச் சிங்களச் சட்டமும் அவ்வழியின் மைல்கற்கள். அச்சட்டத்தைக் கொணர்ந்தவர் மகா முதலியாரின் மகன். ஒக்ஸ்போர்ட்டிற் பயின்றவர்.

இரண்டாவது வழி வாக்காளரையே நீக்குதல். 1947 தேர்தலில் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர்; வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் வாக்களித்தனர். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 இன் தேர்தற் சட்டத் திருத்தமும் ஏறக்குறைய ஏழு இலட்சம் பேரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1952 தேர்தலில் அம்மக்களுக்குப் பிரதிநிதி ஒருவரேனும் இல்லை. எஞ்சியோரின் பிரஜாவுரிமைக்கு 2003 ஆம் ஆண்டிலேதான் சட்டம் இறுதி வழி கண்டது. இதனைத் தமிழருக்கு இழைத்த தீங்கென்று மட்டும் கூறுதல் போதாது. கூலி பெறும் தொழிலாளனின் வாக்குக்குத் தோட்ட முதலாளி அஞ்சிய அச்சமும் அதனுள் இருந்தது.

மூன்றாவது வழி குடும்ப உறவும் பத்திரிகையும். 1947 முதல் 1956 வரை பிரதமராயிருந்தோர் மூவர்: டி. எஸ். சேனநாயக்கா, அவர் மகன் டட்லி, திருமண உறவால் மருமகனான சேர் ஜோன் கொத்தலாவலை. அக்கட்சியை மாமன் மருமகன் கட்சியென்று நாடே நகைத்தது. இவ்வுறவுகளின் அடியில் காரீயச் செல்வம் இருந்தது. லேக் ஹவுஸ் பத்திரிகைகளை நிறுவிய டி. ஆர். விஜேவர்தனாவின் சகோதரியின் மகன் ஜே. ஆர். ஜெயவர்தனா 1978 இல் முதலாவது நிறைவேற்று சனாதிபதியானார். விஜேவர்தனாவின் மகளின் மகன் ரணில் விக்கிரமசிங்க 2022 இல் அதே ஆசனத்தில் அமர்ந்தார். பண்டாரநாயக்கா குடும்பத்தில் தந்தை, தாய், மகள் மூவரும் நாட்டை ஆண்டனர்.

சிங்களப் பிரபுக்களைச் சுட்டிக்காட்டி நாம் அமைதி கொள்ளுதல் தகாது. எமது தலைமையும் நெடுங்காலம் கொழும்பிலே தொழில் நடாத்திய அப்புக்காத்துமாரின் தலைமையாகவே இருந்தது. அவர்களின் தியாகத்தை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆனால் வேட்பாளரை யார் தெரிவு செய்தனர், எந்த வீட்டில் வைத்துத் தெரிவு செய்தனர் என்பதைக் கிளிநொச்சிக் கமக்காரனும் தீவுப்பகுதி மீனவனும் அறிந்தார்களில்லை. முடிந்த முடிவுக்குப் புள்ளடியிடும் வேலையே அவர்களுக்கு விடப்பட்டது. இனத்தின் ஒற்றுமை என்ற பெயரால் உள்ளே எழுந்த வினாக்கள் அடக்கப்பட்டன. ஆங்கிலம் கற்றவனுக்கே வாக்கு என்ற 1911 இன் கோல் வேட்பாளர் தெரிவில் உயிரோடு இருந்தது.

இன்றைய கோல் செலவு. 1989 முதல் நடைமுறைக்கு வந்த விகிதாசாரத் தேர்தல், விருப்பு வாக்குக்காக வேட்பாளரை ஒரு தொகுதிக்குப் பதிலாக ஒரு மாவட்டம் முழுவதும் ஓடவைக்கின்றது. வாகனம், சுவரொட்டி, விளம்பரம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். பணமில்லாதவன் பணமுள்ளவனிடம் கடன்படுகின்றான்; வென்றபின் அக்கடனை ஒப்பந்தத்தாலோ அனுமதிப் பத்திரத்தாலோ தீர்க்கின்றான். சாராயக் குத்தகைக் காலத்துச் சுற்று இங்கே மீண்டும் தொடங்குகின்றது.

இச்சுற்று உடைக்க முடியாததன்று. 2024 செப்டெம்பரில் அப்பழைய குடும்பங்கள் எவற்றையும் சாராத அனுர குமார திசாநாயக்க சனாதிபதியாகத் தெரிவானார். அவ்வாண்டு நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுள் மூன்றை அவர் கட்சி பெற்றது. அவ்வாட்சியின் நன்மை தீமை வேறு விடயம். வாக்காளன் மனம் வைத்தால் நூறாண்டுப் பழக்கமும் மாறும் என்பதே நாம் இங்கு கொள்ளும் பாடம்.

ஒரு குடும்பத்தை நீக்கி இன்னொரு கூட்டத்தை அமர்த்துவதால் மட்டும் கோல் மக்கள் கைக்கு வந்துவிடாது. 2023 ஆம் ஆண்டின் தேர்தற் செலவு ஒழுங்குபடுத்தற் சட்டத்தின்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுள் வேட்பாளர் தம் வரவு செலவுக் கணக்கை ஒப்படைத்தல் வேண்டும். எமது கணக்காளரும் சட்டத்தரணிகளும் அக்கணக்குகளைக் கேட்டுப் பெற்று ஆராய்ந்து ஊர்க் கூட்டங்களில் விளக்குவாராக. கமக்காரர் சங்கங்களும் கடற்றொழிலாளர் சங்கங்களும் வேட்பாளர் பட்டியல் அச்சேறுமுன் கட்சிகளை அழைத்து, யாரை, எதன் பொருட்டு நிறுத்துகின்றீர்கள் என்று கேட்பாராக. விடை சொல்ல மறுக்கும் கட்சி எதுவாயினும், அது எவ்வினத்தின் பெயரைச் சொல்லி வந்தாலும், அதற்கு வாக்கில்லை என்று முன்கூட்டியே அறிவிப்பாராக.