சின்னக் கைக்கும் அதே சட்டம்

கர்நாடகத்தில் ஒருவர் ‘இஸ்பீட்’ ஆடப் போகிறேன் என்றால் சீட்டாடப் போகிறார் என்று பொருள். கன்னடத்தில் சீட்டுக்கட்டு முழுவதற்கும் அதுதான் பெயர். தமிழில் ‘இஸ்பேட்’ நான்கு இனங்களில் ஒன்று மட்டுமே. மற்றவை ஆட்டின், டைமன், கிளாவர். ஆக, ஏறக்குறைய ஒரே சொல் ஒருவருக்கு 52 சீட்டு, இன்னொருவருக்கு 13 சீட்டு.

இந்த இரண்டு பொருளும் ஒரே மேஜையில் சந்திக்கக்கூடிய ஊர் ஹனூர். கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. 1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்படும்வரை கொள்ளேகால் பகுதி சென்னை மாநிலத்தின் கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. பிறகு மைசூர் மாவட்டத்துக்குப் போயிற்று. 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமானதும் அதனுடன் சேர்ந்தது. கோடுகள் இடம் மாறினாலும் தமிழும் கன்னடமும் அங்கே பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கின்றன.

இப்படிப்பட்ட ஊரில் ஆறேழு பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடிப் பணம் வைக்காமல் சீட்டாடுகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் சண்டை எதில் வரும்? தோற்றதில் வராது. விதியில்தான் வரும்.

‘இருபத்தெட்டு’ ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். தென்னிந்தியாவில் பரவலாக ஆடப்படும் ஆட்டம். 32 சீட்டு, நான்கு பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் தலா 1. ஓர் இனத்துக்கு 7 வீதம் நான்கு இனத்துக்கு 28. இதுவரை தகராறு இல்லை. துருப்பை எப்போது திறக்கச் சொல்லலாம், கேட்ட இனம் கையில் இருந்தும் வேறு சீட்டைப் போட்டுவிட்டால் என்ன தண்டனை என்று வரும்போதுதான் ஊருக்கு ஒரு விதி, தெருவுக்கு ஒரு விதி. ஒரு வீட்டில் அந்த ஆட்டமே தோற்றதாகிவிடும். இன்னொரு வீட்டில் சீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. முப்பது வருடமாக ஆடுகிறவருக்கு அது மனப்பாடம். நேற்று வந்த பதின்மூன்று வயதுப் பையனுக்கோ, காலை வைத்த பிறகுதான் பள்ளம் இருப்பது தெரிகிறது.

அவன் ஆட்டின் கையில் இருக்க, அவசரத்தில் துருப்பைப் போட்டு வெட்டிவிடுகிறான். மேஜையில் உடனே இரண்டு கட்சி. “சின்னப் பையன், விட்டுடுங்க” என்பது ஒன்று. “இப்ப விட்டா எப்பத்தான் கத்துக்குவான்?” என்பது மற்றது. முதல் கட்சியில் இரக்கமும் இரண்டாவதில் ஒழுங்கும் இருப்பதாகத் தோன்றும். இரண்டு பேருமே மறந்துபோகிற ஆள் ஒருவர் உண்டு: அந்தச் சுற்றை நியாயமாக எடுத்திருக்க வேண்டியவர். அவரும் ஒரு சிறுமியாக இருக்கலாம்.

சீட்டாட்டங்களில் மிக விரிவாக விதி எழுதப்பட்ட பிரிட்ஜ், இந்தச் சிக்கலை எப்போதோ யோசித்து முடித்துவிட்டது. போட்டி பிரிட்ஜின் சர்வதேசச் சட்டங்கள் கடைசியாக 2017-ல் திருத்தப்பட்டன. அவற்றின் முன்னுரை, சட்டத்தின் முதன்மை நோக்கம் தவறு செய்தவரைத் தண்டிப்பதில்லை என்கிறது. தவறால் பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கொடுப்பதுதான் நோக்கம். கேட்ட இனம் இருந்தும் வேறு சீட்டைப் போட்டுவிட்டால், தவறு செய்த ஜோடியில் ஒருவர் அடுத்த சுற்றுக்குச் சீட்டுப் போடும்வரை திருத்திக்கொள்ள இடம் உண்டு. திருத்தியே ஆக வேண்டும். அந்தக் கட்டம் தாண்டிவிட்டால் நிலைமைக்கேற்ப ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ எதிர் ஜோடிக்குப் போகும். ஆடியவரின் வயது என்ன என்று சட்டம் கேட்பதில்லை.

அந்தச் சட்டப் புத்தகத்தில் மன்னிப்புக்கும் இடம் இருக்கிறது. தக்க காரணம் இருந்தால் நடுவர் ஈட்டைத் தள்ளுபடி செய்யலாம். ஆனால் பாதிக்கப்பட்ட ஜோடி கேட்டுக்கொண்டால் மட்டுமே. ஹனூரானாலும் ஹாலந்தானாலும் ஒரு சிறிய கிளப் இரவல் வாங்க வேண்டிய விதி இது. “பையன் பாவம், விட்டுடலாம்” என்று சொல்லும் உரிமை பக்கத்து நாற்காலி மாமாவுக்குக் கிடையாது. தோற்கப்போகிற சிறுமிக்குத்தான் உண்டு. அவள் பொருளை எடுத்து அவனுக்குத் தானம் செய்வது பெருந்தன்மை ஆகாது. அவளாகவே “பரவாயில்லை, திரும்ப எடுத்துக்க” என்றால் அன்றைய ஆட்டத்தில் இருவரும் எதையோ கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

தெரியாமல் செய்வதற்கும் தெரிந்தே செய்வதற்கும் உள்ள வேறுபாட்டையும் அதே சட்டம் தெளிவாக வைத்திருக்கிறது. ஈடு கொடுக்கத் தயாராக இருந்தாலும் வேண்டுமென்றே விதியை மீறக் கூடாது. “ஒரு சுற்றுதானே போகும், போகட்டும்” என்று கணக்குப் போட்டு மீறுகிறவன் வேறு. ஒன்பதையும் ஆறையும் தலைகீழாகப் பார்த்துத் தடுமாறுகிறவன் வேறு.

இளைஞர்களே பெரும்பாலும் ஆடும் இன்னொரு சீட்டாட்டம் இந்த வேறுபாட்டை மேலும் ஒரு படி கொண்டுபோயிருக்கிறது. அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993-ல் கடைக்கு வந்த ‘மேஜிக்: தி கேதரிங்’. பெரிய பரிசுப் போட்டிகளின் நடுவர்களுக்கு எச்சரிக்கை, ஆட்ட இழப்பு, தகுதி நீக்கம் என்று தண்டனைப் பட்டியல் உண்டு. உள்ளூர்க் கடைகளில் நடக்கும் சாதாரண ஆட்டங்களுக்குத் தனிக் கையேடு. அதில் பெரும்பாலான தவறுகளுக்கு மருந்து ஒன்றுதான்: விதியைச் சொல்லிக்கொடுத்து, நடந்ததை முடிந்த அளவு சரிசெய்து, ஆட்டத்தைத் தொடரவிடுவது. திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லியும் அதே தவறைச் செய்தால்தான் கடுமை. ஏமாற்றினாலோ, எதிராளியை மிரட்டினாலோ ஆள் வெளியே. ஆட்டம் சாதாரணமானது என்பதால் ஏமாற்றும் சாதாரணமாகிவிடுவதில்லை.

இதுவரை பேசியதெல்லாம் பெரியவர்கள் நடுவராகவும் பிள்ளைகள் தவறு செய்பவர்களாகவும் இருக்கும் காட்சி. நாற்காலியை மாற்றிப் போட்டால்தான் உண்மையான சோதனை. பெரியவர் தவறு செய்து, சின்னவர் அதைப் பார்த்துவிட்டால்?

இதற்கு உலகறிந்த சாட்சி செஸ் மேஜையில் கிடைக்கிறது. 1994, ஸ்பெயினின் லினாரஸ் நகர். ஒரு பக்கம் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் கேரி காஸ்பரோவ், வயது 30. எதிரே ஹங்கேரியின் யூடித் போல்கார், வயது 17. காஸ்பரோவ் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்தார், விரலை எடுத்தார், தவறு என்று தெரிந்ததும் மறுபடி தொட்டு வேறு கட்டத்துக்கு நகர்த்தினார். கையை விட்ட காயை மறுபடி நகர்த்தக் கூடாது என்பது செஸ்ஸின் பாலபாடம். விரல்கள் காயை விட்டிருந்த நேரம் சுமார் கால் விநாடிதான். ஆனால் தொலைக்காட்சிக் கேமரா அதைப் பதிவு செய்திருந்தது. தன் விரல் காயை விட்டதாகத் தனக்குத் தெரியவில்லை என்றார் காஸ்பரோவ்.

போல்கார் பார்த்துவிட்டார். ஆனால் முறையிடவில்லை. நடுவரும் தலையிடவில்லை. அந்த ஆட்டத்தில் போல்கார் தோற்றார். இவ்வளவு பெரிய போட்டிக்கு முதல் முறையாக அழைக்கப்பட்டிருக்கும்போது வம்பை வளர்க்க விரும்பவில்லை என்பது அவர் பின்னர் சொன்ன காரணம். எட்டு ஆண்டு கழித்து, 2002-ல் மாஸ்கோவில் ரஷ்யாவுக்கும் உலக அணிக்கும் நடந்த போட்டியில் காஸ்பரோவை அவர் வென்றார்.

கேமராக்கள் சூழ்ந்த அரங்கில், உலகின் முன்னணி வீராங்கனையே வாயைத் திறக்கவில்லை. ஊர்க் கிளப்பில் “பெரியப்பா, ஆட்டின் வெச்சுக்கிட்டே வெட்டிட்டீங்களே” என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் கேட்பாள் என்று எதிர்பார்ப்பது எப்படி? நம் வீடுகளில் அது விதியைப் பற்றிய கேள்வியாகக் காதில் விழுவதில்லை. மரியாதைக் குறைவாகவே விழும். பெரியவர் சிரித்து மழுப்பினால் மேஜையும் சேர்ந்து சிரிக்கும். சிறுமி சீட்டைப் பார்த்தபடி இருப்பாள். அடுத்த வாரம் வரமாட்டாள். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பரீட்சையாக இருக்கும் என்பார்கள்.

பிள்ளைகளிடம் நியாயமாக விதியை நடத்துவது என்றால், அவர்களுடைய தவறை எவ்வளவு மன்னிக்கலாம் என்ற கணக்கு மட்டும் போதாது. அவர்கள் கேட்கத் தயங்குவதை அவர்கள் சார்பில் கேட்க ஓர் ஆள் வேண்டும். ஆட்டத்தில் உட்காராத ஒருவரை அன்றைக்கு நடுவராக வைப்பது சின்ன ஏற்பாடுதான். அவர் முதலில் கவனிக்க வேண்டியது, மேஜையில் அதிக அனுபவம் உள்ள கையை. பெரியவரின் தவறு ஒரு முறை வெளிப்படையாக எழுதப்பட்டு, அவர் முகம் சுளிக்காமல் சுற்றைக் கொடுத்துவிட்டால், பிள்ளைகளின் தவறைச் சுட்டிக்காட்டும்போது அது திட்டாகத் தெரியாது.

விதி கடினமாக இருக்கிறதே என்பவர்களுக்கும் வழி உண்டு. ஐரோப்பாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு பிரிட்ஜ் கற்றுக்கொடுக்க ‘மினிபிரிட்ஜ்’ இருக்கிறது. பிரிட்ஜின் சிக்கலான பாதி ஏலம் கேட்பது. அதை எடுத்துவிட்டு, கையில் இருக்கும் புள்ளிகளைச் சொன்னால் போதும் என்று வைத்தார்கள். சீட்டுப் போடும் விதியில் கை வைக்கவில்லை. ஆட்டத்தைச் சிறிதாக்கினார்களே தவிர சட்டத்தைத் தளர்த்தவில்லை. இருபத்தெட்டிலும் அப்படிச் செய்யலாம்: முதல் மாதம் துருப்பை மறைக்காமல் திறந்தே வைத்து ஆடுவது, விதி எல்லோருக்கும் ஒன்றே.

ஒரு சீட்டாட்டத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். சீட்டுக்கு இருக்கும் கெட்ட பெயர்தான் அதற்குப் பதில். செகந்திராபாத்தில் ஒரு பொழுதுபோக்கு கிளப்பில் ரம்மி ஆடியவர்கள் மீதான வழக்கு 1960-களில் உச்ச நீதிமன்றம்வரை போய்த்தான், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, மூன்று சீட்டுபோல வெறும் அதிர்ஷ்ட ஆட்டமல்ல என்ற தீர்ப்பு வந்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 60 வயது பிரணாப் பர்தனும் 56 வயது ஷிப்நாத் சர்க்காரும் பிரிட்ஜில் தங்கம் வென்ற பிறகே பலருக்கு அது விளையாட்டு என்று தெரிந்தது. இன்னொரு பக்கம், கைபேசியில் பணம் கட்டி ஆடிக் குடும்பங்கள் சீரழிந்த கதைகள் பெருகி, 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சீட்டு என்றதும் பெற்றோர் பயப்படக் காரணம் இருக்கிறது. பணமில்லாத மேஜை அந்தப் பயத்துக்கு ஒரு மறுமொழி. அங்கே ‘தவறுக்கு ஐந்து ரூபாய்’ என்று அபராதம் போட்டால்கூடப் பணம் பின்வாசலால் உள்ளே வந்துவிடும். பணம் இல்லாத மேஜையிலும் பெரியவர் ஏமாற்றலாம், சின்னவர் ஏமாற்றக் கூடாது என்று இருந்தால், பிள்ளைகள் கற்றுக்கொண்டு போவது சூதாட்டத்தைவிட மேலானது ஒன்றுமில்லை.

செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒரு தாள். அதில் பத்து வரிக்குள் விதிகள், ஹனூராக இருந்தால் தமிழிலும் கன்னடத்திலும். ‘இஸ்பீட்’ என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். சீட்டைக் கலைப்பதற்கு முன் மேஜையிலேயே வயதில் சிறியவர் அதைச் சத்தமாகப் படிக்கட்டும். தன் வாயால் படித்த விதியை மாமா மீறும்போது, “மாமா, மூணாவது வரி” என்று சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருக்காது.