நதிமூலம்... ரிஷிமூலம்... பி.டி.எஃப். மூலம்!



நதிமூலம், ரிஷிமூலம் கேட்கக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். நான் கேட்கச் சொல்வது பி.டி.எஃப். மூலம்! மூன்றாம் ஆண்டு மாணவன் யாரையாவது நிறுத்தி, "ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என்னப்பா ஆச்சு?" என்று கேளுங்கள். "ஏ.ஐ. கிட்ட சொன்னேன், அரை நிமிஷத்துல பி.டி.எஃப். வந்துடுச்சு!" என்பான். அட்டை, பொருளடக்கம், பக்க எண், அட்டவணை... எல்லாம் கண்ணைப் பறிக்கும்! பைண்டிங் கடைக்குப் போக வேண்டியதுதான் பாக்கி.

நான் இதைக் குறை சொல்ல வரவில்லை. டி.டி.பி. சென்டரில் பக்கத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்துவிட்டு, திருத்திய பிழை மறுபடியும் அப்படியே அச்சாகி வந்து நிற்க, நம் சீனியர்கள் பட்ட பாடு நமக்கு வேண்டவே வேண்டாம். ஆனால் அந்த அரை நிமிஷத்தில் என்ன நடக்கிறது என்று டெக்னிக்கல் படிக்கிற நாமாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஏ.ஐ. ஏஜென்ட் என்பது, சொன்ன வேலையைத் தானே படிப்படியாகப் பிரித்துக்கொண்டு, தேவையான கருவிகளைக் கூப்பிட்டுச் செய்து முடிக்கும் மென்பொருள். பொதுவாக, அது பக்கத்தை நேராக வரைவதில்லை. குறியிட்ட எழுத்துக் கோப்பு ஒன்றை எழுதுகிறது. வரி ஆரம்பத்தில் # போட்டால் தலைப்பு, இரண்டு பக்கமும் இரண்டு நட்சத்திரக் குறி போட்டால் தடித்த எழுத்து. இது 2004-ல் வந்த மார்க்டவுன். சமன்பாடு நிறைய இருந்தால் லேட்டெக். அந்தக் கோப்பை பான்டாக் போன்ற ஒரு கருவியிடம் கொடுத்தால் அது பி.டி.எஃப். ஆக்கித் தருகிறது. டிராயிங் போடுவது ஒருவர், லேத்தில் கடைவது இன்னொருவர், அவ்வளவுதான்!

லேத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டான்போர்டு பேராசிரியர் டொனால்டு நூத் 1977-ல் தன் புத்தகத்தின் அச்சுப் படியைப் பார்த்து நொந்துபோய், அச்சுக்கோக்கும் மென்பொருளைத் தானே எழுத உட்கார்ந்தார். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்த வேலை ஏறக்குறைய பத்து வருஷத்தை விழுங்கியது. அதுதான் 'டெக்'. அதன் மேல் கட்டியது லேட்டெக். ரிப்போர்ட்டின் அழகுக்கெல்லாம் ஏ.ஐ.க்கே பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறோமே, நியாயமா?

சரி, விஷயத்துக்கு வருவோம். எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும், எந்தப் பிரிண்டரில் போட்டாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று 1993-ல் அடோபி நிறுவனம் கொண்டுவந்தது பி.டி.எஃப். அதனால் அதற்குள் இருப்பது பெரும்பாலும் 'இந்த இடத்தில் இந்த எழுத்து வடிவத்தை வை' என்ற கணக்குதான். இது பத்தி, இது அட்டவணை என்ற விவரமே பல கோப்புகளில் கிடையாது. ஃபவுண்டரியில் வார்த்தெடுத்த காஸ்டிங் மாதிரி! அளவை மாற்றணும்னா பேட்டர்ன் வேணுமே? அந்தப் பேட்டர்ன்தான் மூலக் கோப்பு. நம்மில் எத்தனை பேர் அதைக் கேட்டு வாங்கி வைக்கிறோம்?

தமிழுக்கு இதில் இன்னொரு தலைவலியும் இருக்கிறது. 'கொதிகலன்' என்று எழுதுங்கள். யூனிகோடில் முதலில் 'க', அதன் பிறகே உயிர்க்குறி. அச்சிலோ கொம்பு முன்னால், கால் பின்னால். கருவி இதைச் சரியாகக் கவனிக்காவிட்டால், பி.டி.எஃப்.பில் இருந்து காப்பி எடுக்கும்போது 'ெகாதிகலன்' என்று கொம்பு தனியாகக் கழன்று வந்து விழும். பார்க்கும்போது பக்கம் அச்சுப் பிசகாமல் இருக்கும், ஆனால் 'கொதிகலன்' என்று தேடினால் இல்லவே இல்லை என்று கையை விரிக்கும்!

சில சமயம் பார்வைக்கே கெடும். தமிழ் எழுத்துருவைக் குறிப்பிட மறந்தால், லேட்டெக் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டத்தையோ காலி இடத்தையோ வைத்துவிட்டு, லாக் கோப்பில் ஒரு எச்சரிக்கை வரியை எழுதிவிட்டுத் தன் வேலையை முடித்துக்கொள்ளும். அட்டவணை மார்ஜினைத் தாண்டி வெளியே ஓடினாலும் அப்படித்தான். பக்கத்தைப் படமாக்கிக் காட்டினால் ஒழிய ஏஜென்ட் அதைப் பார்ப்பதில்லை. கோப்பு உருவாகிவிட்டதா? "தயார்!" என்று நமக்குச் சொல்லிவிடும். கல்யாண மண்டபம் தயார் என்றார்களாம், உள்ளே போனால் பந்தல் இல்லையாம்!

இதையெல்லாம்கூட ஒரு தடவை புரட்டிப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். என்னைப் பயமுறுத்துவது வேறு. "அட்டவணையைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்து" என்று சொல்கிறோம். அது கோப்பைத் திரும்ப எழுதும்போது 4.82 என்ற ரீடிங் 4.28 ஆகிவிட்டால்? இரண்டு பி.டி.எஃப்.பும் ஒரே மாதிரி ஜொலிக்கும். லேபில் நாள் முழுக்க நின்று எடுத்த அளவு அது! வைவாவில் எக்ஸ்டர்னல் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தால், பதில் சொல்ல வேண்டியது ஏஜென்ட் இல்லை, நாம்! மூலக் கோப்பின் பழைய பிரதியும் புதிய பிரதியும் கையில் இருந்தால், டிஃப் என்ற சின்னக் கருவி எந்த வரி மாறியது என்று வரி வரியாகக் காட்டிவிடும்.

"அதுக்கு லேட்டெக் எல்லாம் படிக்கணுமே மச்சான்?" என்று இழுக்காதீர்கள். மார்க்டவுனுக்கு ஒரு மத்தியானம் போதும். எழுதக்கூட வேண்டாம், படிக்கத் தெரிந்தால் போதும்.

மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை இதுதான். அடுத்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு ப்ராஜெக்ட் குழுவும் பி.டி.எஃப்.போடு மூலக் கோப்பையும் நூலகத்தில் சேர்க்கச் சொல்லி நிர்வாகத்திடம் பேசுங்கள். படங்களை விட்டுவிட்டால் ஒரு ரிப்போர்ட்டின் எழுத்து சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். ஜூனியர்கள் அந்த அளவுகளை எடுத்து மேலே செய்து பார்க்கலாம். இல்லாவிட்டால் அதே ப்ராஜெக்ட்டை முதலிலிருந்து டைப் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கட்டுரையை மலர்க் குழுவிடம் மார்க்டவுன் கோப்பாகத்தான் கொடுத்திருக்கிறேன். வேண்டுகிறவர்கள் அவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம்.