குற்றவாளி லயத்தில் இல்லை

பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் இளைஞர்கள் வலி மாத்திரைகளைப் போதைக்காக விழுங்குகிறார்கள் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஒரே தீர்ப்புதான் வாசிக்கப்படுகிறது. கையில் போன் வந்தது, படம் பார்த்துக் கெட்டான், தாய் வெளிநாடு போனாள், தகப்பன் குடித்தான், பிள்ளை திமிரெடுத்து மாத்திரை போடுகிறான். நாலு பேரைப் பிடித்து உள்ளே போட்டால் மிச்சப்பேர் திருந்திவிடுவார்கள். பாடசாலைக் கூட்டங்களிலும் சங்க மேடைகளிலும் படித்தவர்களே இதைச் சொல்கிறார்கள். இது பொய்யான வாதம். பாதிக்கப்பட்டவனைக் கூண்டில் ஏற்றிவிட்டு, பொறுப்பாளிகளைப் பின்கதவால் அனுப்பிவைக்கும் வாதம்.

முதலில் ‘திமிர்’ என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். இவர்கள் விழுங்கும் மாத்திரைகளில் ஒன்றான டிரமடோல் அபின் குடும்பத்தைச் சேர்ந்தது. சத்திர சிகிச்சைக்குப் பின்னும் கடும் வலிக்கும் டொக்டர்மார் எழுதுவது. ஈரல் அதை மோர்ஃபினைப் போல வேலை செய்யும் பொருளாக மாற்றுகிறது. உடல் வலி அடங்கும். கூடவே மனப் பாரமும் சற்று இறங்கும். தொடர்ந்து விழுங்கினால் உடம்பு அதற்குப் பழகி அளவைக் கூட்டிக் கேட்கும். நிறுத்தினால் வியர்வை, வயிற்றோட்டம், கை கால் உளைச்சல், தூக்கமின்மை. அந்தக் கட்டத்தில் அடுத்த மாத்திரையை எடுப்பவன் சுகத்துக்காக எடுப்பதில்லை, வேதனை தாங்காமல் எடுக்கிறான். அளவு மீறினால் வலிப்பும் வரும். பிரிகபலின் இன்னொரு வகை. நரம்பு வலிக்கும் வலிப்பு நோய்க்கும் தரப்படும் அந்த மருந்தைச் சாராயத்தோடு சேர்த்தால் மூச்சே அடங்கிப் போகலாம். பிரித்தானியா அதை 2019 ஏப்ரலில் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது. இப்படிப்பட்ட மருந்துகளுக்கு அடிமையானவனைப் பிரம்பால் திருத்தலாம் என்பவர், காய்ச்சல்காரனை அடித்துக் காய்ச்சலை இறக்கலாம் என்றும் சொல்லக்கூடியவர்.

கூட்டாளி கொடுத்துத் தொடங்கியவனும் இருக்கிறான், மறுக்கவில்லை. ஆனால் வலிக்கு மாத்திரை, வேலைக்கு மாத்திரை என்ற பழக்கத்தை அவன் படத்தில் பார்த்துப் படிக்கவில்லை. லயத்தில் பார்த்துப் படித்தான். கொழுந்தெடுக்கும் தாய் முந்தானை முடிச்சில் பெனடோலோடு மலைக்குப் போகிறாள். முதுகு வலிக்கும், தோள் இறங்கும், மழையில் முழங்கால் மரத்துப் போகும். அதற்காகப் பாதியில் இறங்கிவர முடியாது. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்ற சம்பளத்தை அடையவே 2021 வரை போராட வேண்டியிருந்த சனத்துக்கு அரைப்பேர் என்பது அரைவயிறு. ஆகவே ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு எடுக்கிறாள். மகன் சாதாரணதரத்தோடு படிப்பை நிறுத்தி, கொழும்பில் கடையிலோ கட்டட வேலையிலோ சேர்கிறான். பகல் முழுக்க நின்று, மூட்டை தூக்கி, இரவில் கடைத் தரையில் படுக்கிறான். தாய்க்குப் பெனடோல் எதற்காகவோ, அதற்காகத்தான் அவனும் முதல் மாத்திரையைக் கேட்கிறான்: நாளைக்கும் எழுந்து வேலைக்குப் போக. அவனுக்குக் கிடைத்தது பெனடோல் அல்ல என்பதுதான் வித்தியாசம்.

இந்த வலியை யாராவது பரிசோதித்தார்களா? தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம். நூறு வருடம் தாண்டியும் பல தோட்டங்களில் வைத்தியம் என்றால் டிஸ்பென்சரியும் தோட்ட வைத்திய உதவியாளரும்தான். தேய்ந்த முதுகெலும்புக்கும் அங்கே காகிதத்தில் சுற்றிய மாத்திரைதான் கிடைக்கிறது. எக்ஸ்ரே எடுக்கப் பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும். தலைமுறை தலைமுறையாக வலியை மாத்திரையால் மூடச் சொல்லிக் கொடுத்த ஏற்பாட்டுக்கு, இன்று பிள்ளை மாத்திரை போடுகிறான் என்று அதிர்ச்சி காட்ட என்ன அருகதை இருக்கிறது?

அடுத்தது, மேடைப் பேச்சுகளில் இல்லாமலே போகும் கேள்வி: மாத்திரை யார் கையால் வருகிறது? பையன் அதைத் தேயிலைச் செடியிலிருந்து பறிக்கவில்லை. டொக்டர் துண்டில்லாமல் விற்கும் பாமசியில் நடப்பதைப் பாருங்கள். அட்டையிலிருந்து நான்கு மாத்திரைகள் கத்தரிக்கோலால் வெட்டப்படும். பெயரும் காலாவதித் திகதியும் அச்சிட்ட பகுதி கடையிலேயே தங்கிவிடும். பெயரில்லாத நான்கு மாத்திரைகள் சின்ன உறையில் கைமாறும். விழுங்கப் போகிறவனுக்கு அது எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்றே தெரியாது. விற்றவருக்குத் தெரியும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இருப்பதே இதைத் தடுக்கத்தான். இன்னொரு பங்கு இந்தியாவிலிருந்து கடத்தலாக வருகிறது. அங்கே டிரமடோலைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்ததே 2018இல்தான். இவ்வளவு பெரிய சங்கிலியில் பொலிஸ் கைக்கு எட்டுவது கடைசிக் கண்ணியான பையன் மட்டும்.

விழுங்கியவனை விட்டு விற்றவனைப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை அமெரிக்கா பெரும் விலை கொடுத்துப் படித்தது. 1996இல் ஒக்ஸிகொன்டின் என்ற வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டியூ ஃபார்மா, அதை விற்ற முறைக்காக 2007இலும் 2020இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அங்கேயும் முதலில் பழி விழுந்தது விழுங்கியவர்கள் மேல்தான்.

‘பிடித்து உள்ளே போடு’ என்பவர்களின் வைத்தியத்தையும் நாடு பார்த்துவிட்டது. 2023 டிசெம்பர் 17ஆம் திகதி, டிரான் அலஸ் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சராகவும் தேசபந்து தென்னக்கோன் பதில் பொலிஸ்மா அதிபராகவும் இருந்தபோது ‘யுக்திய’ என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை தொடங்கியது. ஒரு மாதத்துக்குள் 29,000க்கும் மேற்பட்டோர் கைதானதாகவும் சித்திரவதைப் புகார்கள் இருப்பதாகவும் சொல்லி, அதை நிறுத்துமாறு ஐ.நா. நிபுணர்கள் 2024 ஜனவரியில் கேட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் இராணுவம் நடத்தும் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அத்தனை கைதும் ஒரு தோட்டத்துப் பிள்ளையின் முதுகுவலியைக் குறைக்கவில்லை. பொலிஸ் பதிவு விழுந்தவனுக்கு இருந்த வேலையும் போகும். பயந்த தாய், பிள்ளைக்கு வலிப்பு வந்தாலும் ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லமாட்டாள். இந்த வாதம் ஆளைக் கொல்வது அந்த இடத்தில்தான்.

தண்டனை வேண்டும் என்பவர்களிடம் நான் கேட்பது, அதை உரிய இடத்தில் கேளுங்கள் என்றுதான். துண்டில்லாமல் விற்கும் பாமசியின் அனுமதிப்பத்திரத்தைப் பறிக்கச் சொல்லுங்கள். தோட்ட டிஸ்பென்சரிகளை முழுதாகச் சுகாதார அமைச்சு ஏற்க வேண்டும், எலும்பு, மூட்டு வலிக்கான கிளினிக் மலைக்கு வர வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்குப் பேர் போட வேண்டும் என்று அரசிடமும் கம்பனிகளிடமும் கேளுங்கள். அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் வதிவிடச் சிகிச்சை நிலையங்களாக நெடுங்காலம் அறியப்பட்டவை தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ. மடுல்சீமையிலிருந்து ஒரு தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எத்தனை பஸ் ஏற வேண்டும் என்று எண்ணிப் பார்த்துவிட்டு, பதுளையில் தமிழிலும் சிங்களத்திலும் பேசும் ஒரு நிலையம் கேளுங்கள். சபையின் 1927 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தை லயத்துக்கு லயம் எழுதி ஒட்டுங்கள். இவற்றில் ஒன்றைக்கூட இதுவரை கேட்காதவர்களுக்கு, எங்கள் பிள்ளைகளின் ஒழுக்கத்தைப் பற்றி மேடையேறிப் பேச உரிமையில்லை.