ஒலுவில் துறைமுகம்: ஒரு பக்கம் சேரும் மணலும் மறுபக்கம் போகும் காணியும்

தாயகத்தின் கரையோரக் கிராமம் ஒன்றில் கடலரிப்பு என்று செய்தி வந்ததும் இங்குள்ள ஊர்ச் சங்கங்களில் எழும் முதல் கேள்வி, "கற்சுவர் போட எவ்வளவு காசு வேணும்?" என்பதுதான். நல்ல மனதோடு கேட்கப்படும் கேள்வி அது. ஆனால் அதற்கு முன் கேட்கவேண்டியது வேறொன்று: அந்த மணல் எங்கே போனது?

கடற்கரை அசையாச் சொத்து அல்ல. அலைகள் கரையைச் சாய்வாக வந்து மோதுவதால் மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. கிழக்கிலங்கையில் அது ஒரு பருவக்காற்றுக் காலத்தில் வடக்கேயும் மறு காலத்தில் தெற்கேயும் போகும். ஆண்டு முடிவில் கூட்டிக் கழித்தால் வடக்கே போனதே அதிகம். தெற்கிலிருந்து வருவதும் ஆறுகள் கொண்டுவருவதும் வரவு. வடக்கே போவது செலவு. இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருக்கும்வரை கரை நிலைக்கும். புயல் ஓரிரவில் அள்ளிச் சென்றதில் பெரும்பகுதியைக்கூட அமைதியான மாதங்களில் அலைகளே திருப்பித் தந்துவிடும்.

மனிதர் கட்டும் கட்டுமானம் அப்படித் திருப்பித் தருவதில்லை. அம்பாறை மாவட்டத்தின் ஒலுவிலில் 2008இல் துறைமுக வேலை தொடங்கியது. டென்மார்க்கின் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. கடலுக்குள் நீண்ட அலைதடுப்புகள் வடக்கே போகும் மணலை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது. துறைமுக வாயிலும் அடைபட்டது. வடக்கே, ஒலுவில் கிராமத்திலிருந்து நிந்தவூர்ப் பக்கம்வரை, தென்னைகளும் காணிகளும் கடலுக்குள் போயின. வாயிலில் மணலை அள்ளுங்கள் என்று மீனவரும், முதலில் எங்கள் கரையைக் காப்பாற்றுங்கள் என்று காணிக்காரரும் எதிரெதிரே நிற்கவேண்டியதாயிற்று. எதிர்பார்த்த வணிகக் கப்பல்களும் வரவில்லை.

அங்கே பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள். அவர்களின் பிரச்சினை என்று நாங்கள் ஒதுங்கிவிட முடியாது. மணல் நகரும் எந்தக் கரைக்கும் இதே விதிதான்.

இது முன்பு தெரியாத விடயமும் அல்ல. சென்னைத் துறைமுகத்தின் முதல் அலைதடுப்புகள் 1881இல் கட்டி முடிந்தன. அதே ஆண்டுப் புயலில் சிதைந்து மீண்டும் கட்டப்பட்டன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் கரை அழிந்தது. அங்கே கல் கொட்டினார்கள். அரிப்பு இன்னும் வடக்கே, எண்ணூர்ப் பக்கம் நகர்ந்தது. கற்சுவர் மணலை உண்டாக்குவதில்லை. போட்ட இடத்தைக் காத்து, இழப்பை அடுத்த ஊரின் கணக்கில் எழுதிவிடுகிறது.

இதற்குத் தெரிந்த மருந்து ஒன்று உண்டு. ஒரு பக்கம் சேர்ந்த மணலைத் தோண்டி மறுபக்கம் கொட்டவேண்டும். ஆனால் அது ஒருமுறைச் செலவு அல்ல, ஆண்டுதோறும் வரும் செலவு. துறைமுகத் திட்டங்களில் கட்டும் செலவைப் பெரிதாக எழுதுவார்கள். இந்தச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதை எழுதமாட்டார்கள். அடிக்கல் நாட்ட அமைச்சர் வருவார். மணல் அள்ளக் காசு ஒதுக்க ஒருவரும் வரமாட்டார்.

ஆகவே துறைமுகமோ இறங்குதுறையோ கற்சுவரோ, எதற்குக் காசு கேட்டாலும் மூன்று விபரங்களைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கரையில் மணல் எந்தத் திசையில் போகிறது? அந்தத் திசையில் அடுத்துள்ள ஊர் எது, அந்த மக்களிடம் கேட்டார்களா? பத்து வருடப் பராமரிப்புச் செலவு யார் பொறுப்பு? ஆற்று மணல் அகழ்வையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆற்றில் ஏற்றும் ஒவ்வொரு டிப்பர் மணலும் கரையின் வரவில் குறைகிறது.

எங்களில் பலருக்கு ஊரில் எஞ்சியிருப்பது ஒரு காணி உறுதிதான். ஓடியபோதும் அதைப் பையில் வைத்துக் காப்பாற்றினோம். இராணுவம் பிடித்த காணிக்கு அந்த உறுதியைக் காட்டி வாதாடலாம். கடல் கொண்டுபோன காணிக்கு அதை யாரிடம் காட்டுவது?