முகவரிக்கும் வேண்டும் பராமரிப்பு

எழுத்திலுள்ள ஒரு முகவரியை அட்சரேகை, தீர்க்கரேகை என்னும் இரண்டு எண்களாக மாற்றித் தரும் ஜியோகோடிங் சேவை, கம்பம் பள்ளத்தாக்கில் ஊர்ப் பெயரிலேயே தடுமாறத் தொடங்கிவிடுகிறது. கம்பத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் அதே எழுத்துகளோடு ஆந்திரத்திலும் ஓர் ஊர் உண்டு. கம்பத்திற்குத் தெற்கேயுள்ள கூடலூருக்குப் பெயரொத்த இன்னொரு கூடலூர் நீலகிரியில் உண்டு. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த பின்கோடு இக்குழப்பத்தைப் பெருமளவு தீர்க்கிறது என்றாலும், கம்பத்தின் 625516 என்ற எண் தபாலைப் பட்டுவாடா செய்யும் அலுவலகத்தைக் குறிக்குமே தவிர வீட்டைக் குறிக்காது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் மதுரைக்கும் பொதுவானவை. அவற்றை மட்டும் கொண்டு மாவட்டத்தை ஊகிக்கும் மென்பொருள், தேனி தனி மாவட்டமாகிக் கால் நூற்றாண்டு கடந்த பின்னும் கம்பத்தை மதுரையோடு சேர்த்துவிடும்.

ஜியோகோடிங் சேவைக்காகத் தெருக்கள், கதவு எண்கள், பின்கோடு எல்லைகள் ஆகியவற்றைத் தேடுவதற்கேற்ற அட்டவணையாகத் தொகுத்து, வரைபட சர்வரில் வெளியிடும் தொகுப்புக்கு லொக்கேட்டர் என்று பெயர். கட்டிய நாளில் தரவு எப்படி இருந்ததோ அப்படியே அது நின்றுவிடுவதால், புதிய நகர் ஒன்று முளைத்தாலும் தெருவின் பெயர் மாறினாலும் அதை மீண்டும் கட்டி, சோதித்து, மறுபடி வெளியிட்டாக வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் இயங்கும் நாமினாட்டிம் என்னும் கட்டற்ற மென்பொருளில் அன்றாட மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டே வரும் வசதி உண்டு. ஆயினும் வரைபடத்தில் எவரும் குறிக்காத கதவு எண்ணை அதனாலும் கண்டுபிடிக்க இயலாது.

சாதிப் பெயர் தாங்கிய தெருக்கள், குடியிருப்புகளின் பெயர்களை மாற்றுவதற்கு 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஆணை, மிகவும் காலந்தாழ்ந்து வந்த நல்ல செயல். எனினும் பெயர்ப்பலகை மாறிய பின்னும் குடும்ப அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் பழைய பெயர் பல ஆண்டுகள் நீடிக்கும் என்பதால், அதைத் தேடலுக்கான மாற்றுப்பெயர்ப் பட்டியலில் மட்டும் வைத்துக்கொண்டு, விடையில் புதிய பெயரையே காட்டுமாறு லொக்கேட்டரை அமைப்பதுதான் முறை.

பெயரைக் காட்டிலும் ஆபத்தானது துல்லியம் பற்றிய மயக்கம். கதவு எண் கிடைக்காதபோது தெருவின் நடுப்புள்ளியையும், தெருவும் கிடைக்காதபோது ஊரின் நடுப்புள்ளியையும் ஜியோகோடிங் சேவை விடையாகத் தருகிறது. வீடு, தெரு, ஊர் ஆகிய மூன்றும் வரைபடத்தில் ஒரே மாதிரிப் புள்ளியாகவே தெரியும். சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமுக்குத் தெருவும் கதவு எண்ணும் ஏது? பட்டாவிலுள்ள சர்வே எண்ணும் உட்பிரிவும்தான் அதன் முகவரி. அங்கே மயங்கிக் கிடப்பவருக்காக வரும் 108 வாகனம் ஊர் நடுவில் போய் நின்றால் இழப்பது உயிர். ஆகவே எந்த நிலையில் முகவரி பொருந்தியது என்பதை விடையோடு சேர்த்தே தராத சேவையை வெளியிடவே கூடாது. அஞ்சல் துறை 2025 மே மாதம் அறிமுகப்படுத்திய, ஏறத்தாழ 4 மீட்டர் பக்கமுள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் 10 எழுத்தெண் குறியீடு வழங்கும் டிஜிபின், தெருவே இல்லாத இத்தகைய தோட்டங்களுக்குப் பெரிதும் உதவும். ஆனால் அலுவலகப் பதிவேடுகளில் ஏற்கெனவே குவிந்திருக்கும் முகவரிகளுக்கு அக்குறியீட்டைக் கண்டறியவும் நன்கு பராமரிக்கப்பட்ட லொக்கேட்டரே தேவைப்படுகிறது.