தாத்தா வீட்டுக்குக் கதவு எண் இல்லை

போன லீவுக்குக் கோவில்பட்டி போனப்போ, பழைய குடும்ப ஆல்பங்களை ஸ்கேன் பண்ணி, ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் போட்டு அப்பா வீட்டிலேயே வச்சிட்டு வந்தேன். நியூ ஜெர்சியில் இருந்து நாங்கள் படத்தைத் திறக்கணும், தாத்தா போனில் கதை சொல்லணும். அதுதான் திட்டம். அங்கே இருந்தவரை நன்றாக வேலை செய்தது. இங்கே வந்ததும் திறக்கவே மாட்டேன் என்றது.

என் ஒன்பது வயது மகள் சொன்னாள்: "இந்தியால இன்டர்நெட் அப்படித்தானேப்பா?"

சுருக்கென்றது. தாத்தா வீட்டிலும் ஃபைபர் இணைப்புதான், வேகத்தில் குறையில்லை. குறை முகவரியில்.

இணையத்தில் இருக்கும் கருவிக்கு ஐபி முகவரி வேண்டும். 1981இல் வகுத்த ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள். முதலில் வந்தவர்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். பாஸ்டன் பக்கத்தில் உள்ள எம்.ஐ.டி. என்ற ஒரே கல்வி நிறுவனத்துக்கு 1 கோடியே 67 லட்சம்! அதில் ஏறக்குறைய பாதியை 2017இல் அமேசானுக்கு விற்றுவிட்டார்கள். 140 கோடிப் பேர் உள்ள இந்தியாவுக்கோ சுமார் 4 கோடிதான். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அமெரிக்காவிடம். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே காலி. அதற்குப் பிறகுதான் இந்தியாவில் பெரும்பாலானவர்கள் இணையத்துக்கே வந்தார்கள்.

மகளிடம் இப்படிச் சொன்னேன்: "ஒரு பெரிய அபார்ட்மென்ட். நூறு குடும்பம், எல்லாருக்கும் சேர்த்து ஒரே கதவு எண். உள்ளே இருந்து யாராவது லெட்டர் போட்டா, வாட்ச்மேன் குறிச்சு வச்சுக்குவார், பதில் சரியா வந்துடும். ஆனா வெளியிலேருந்து நாம முதல்ல லெட்டர் போட்டா? எந்த வீட்டுக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ தாத்தாவுக்குத் தனி நம்பர் வாங்கிக் குடுங்க."

விசாரித்தேன். தனி முகவரிக்கு மாதாமாதம் கூடுதல் கட்டணமாம். வரிசையில் கடைசியாக நின்றதற்கு அபராதம் மாதிரி.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. எண் பஞ்சம் தீர வந்தது ஐபிவி6. அதில் முகவரிகளுக்குப் பஞ்சமே வராது. பழைய எண்கள் கையில் நிறைய இருந்தவர்களுக்கு மாற அவசரமில்லை. இந்தியாவுக்கு வேறு வழியில்லை. அதனாலேயே இன்று ஐபிவி6 பயன்பாட்டில் அமெரிக்காவையே முந்தி நிற்கிறது.

சோதித்தேன். தாத்தா வீட்டில் ஐபிவி6 ஏற்கெனவே இருந்தது. எங்கள் வீட்டுப் பழைய ரௌட்டரில்தான் அது அணைந்து கிடந்தது! இங்கே அதைப் போட்டுவிட்டு, அங்கே ரௌட்டரில் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் வழி திறக்க அப்பாவுக்கு வீடியோ காலில் சொன்னேன். கண்ணாடியைத் தூக்கித் தூக்கி ஒவ்வொரு வரியாகப் படித்துச் செய்து முடித்தார்.

முதலில் திறந்த படம், அரை டிரவுசரில் நான்.

"தாத்தா, நம்ம வீட்டு ரௌட்டர்தான் பழசு," என்று மகள் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அப்பா சிரிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது.