காப்பாற்றுவதற்கென்று ஒரு படை

ராணுவச் சின்னங்களில் வாள், மின்னல், கழுகு, மண்டையோடு என எதிரியை மிரட்டும் உருவங்களே அதிகம். அமெரிக்க விமானப் படையின் பாராசூட் மீட்பு வீரர்கள் தொப்பியில் அணியும் சின்னத்தில் அப்படி எதுவும் கிடையாது. விரிந்த பாராசூட்டின் முன்னால் ஒரு தேவதை. அதன் இரு கைகளுக்குள் பூமி உருண்டை. கீழே, ‘பிறர் வாழ்வதற்காக’ என்று பொருள்படும் ஒரு வாசகம். அந்த வாசகத்துக்கு உயிரைக் கொடுத்தவர்களின் வரலாறு பெருமிதம் தருகிறது. அப்படிப்பட்ட பிரிவுகளைப் போர் முடிந்ததும் அரசுகள் நடத்தும் விதம் கோபமூட்டுகிறது.

இந்த வரலாறு நம் எல்லையோரம்தான் தொடங்குகிறது. 1943 ஆகஸ்ட் 2 அன்று அசாமின் சாபுவா தளத்திலிருந்து சீனாவுக்குக் கிளம்பிய ஒரு சி-46 விமானம் நடுவானில் பழுதாக, அதில் இருந்தவர்கள் நாகா மலைக்காட்டுக்குள் குதித்தார்கள். அவர்களில் ஒருவர் வானொலிச் செய்தியாளர் எரிக் செவரைட். முந்தைய ஆண்டுதான் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி, பர்மாவிலிருந்து தமிழர்கள் உள்ளிட்ட இந்தியர்கள் லட்சக்கணக்கில் இந்த எல்லை மலைகளைக் கடந்து நடந்தே வந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. அந்த வட்டாரத்தில் விழுந்தவர்களை மீட்க விமானம் இறங்க இடமில்லை. காயம்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும், டான் ஃபிளிக்கிஞ்சர் என்ற ராணுவ மருத்துவர் இரண்டு மருத்துவ உதவியாளர்களுடன் பாராசூட்டில் குதித்தார். காயங்களுக்குக் கட்டுப் போட்டு, நடக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, நாகர்களின் துணையோடு எல்லோரும் கால்நடையாக வெளியே வந்தார்கள். பாராசூட் மீட்புப் படை பிறந்த கதையாக இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில், அதே பர்மாப் போர்முனையில், ஹெலிகாப்டர் தன் முதல் போர்க்கள மீட்பைச் செய்தது. ஜப்பானியர் வசமிருந்த பகுதியில் ஒரு சிறு விமானம் விழுந்து, அதன் விமானியும் காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் வீரர்களும் சிக்கிக்கொண்டார்கள். மீட்கப் போன லெப்டினன்ட் கார்ட்டர் ஹார்மன், போருக்குப் பின் நியூயார்க் டைம்ஸில் இசை பற்றி எழுதியவர். அவர் ஓட்டிய சிகோர்ஸ்கி ஒய்ஆர்-4பி, விமானியைத் தவிர ஒரே ஒருவரைத்தான் சுமக்கும். புழுக்கம் மிகுந்த அந்தக் காற்றில் அதற்கே மூச்சு வாங்கியது. ஒவ்வொருவராக ஆற்று மணல்திட்டுக்குத் தூக்கிவந்து இறக்கினார். இரண்டாவது ஆளை இறக்கியபோது இயந்திரம் கொதித்துப்போனது. இரவு முழுக்கக் காத்திருந்து, மறுநாள் மிச்சமிருந்த இருவரையும் கொண்டுவந்து சேர்த்தார்.

1946-இல் மீட்புக்கென்றே தனிச் சேவை அமைந்தது. கொரியப் போரில் பேர் வாங்கிய அந்தச் சேவையை, போர் ஓய்ந்ததும் சுருக்கிக்கொண்டே போனார்கள். விளைவு, 1964-இல் வியட்நாமில் விமானங்கள் விழத் தொடங்கியபோது, காட்டுக்குள் போய் ஆளை எடுத்துவரத் தகுந்த ஹெலிகாப்டர் கைவசம் இல்லை. அனுப்பியது எச்எச்-43 ஹஸ்கி. விமானதளத்தில் தீயணைக்கவும், ஓடுபாதை அருகே விழுந்தவர்களை மீட்கவும் வாங்கி வைத்திருந்த குறைதூர வண்டி அது.

வில்லியம் பிட்சன்பார்கர் அந்த ஹஸ்கியிலிருந்துதான் இறங்கினார். ஒஹையோ மாநிலத்தின் பிக்வா ஊர்க்காரர், வயது 21, பியென் ஹோவா தளத்தில் இருந்த 38-வது மீட்புப் பிரிவைச் சேர்ந்தவர். 1966 ஏப்ரல் 11 அன்று காம் மீ அருகே காலாட்படைக் கம்பெனி ஒன்று வியட்காங்கிடம் வசமாக மாட்டிக்கொண்டது. உயர்ந்த மரங்களின் கிளைகளுக்கு மேலே ஹெலிகாப்டர் அந்தரத்தில் நிற்க, இரும்புக் கயிற்றில்தான் காயம்பட்டவர்களைத் தூக்க வேண்டும். கீழே இருந்தவர்களுக்கு அவர்களைத் தூக்குப்படுக்கையில் சரியாகக் கட்டத் தெரியவில்லை. நான் போகிறேன் என்று தானாகக் கேட்டு இறங்கினார் பிட்சன்பார்கர். ஒன்பது பேரை மேலே அனுப்பினார். குண்டடிபட்ட ஹெலிகாப்டர் விலகிப் போக வேண்டிவந்தபோது, தான் வரவில்லை என்று கையசைத்து அனுப்பிவிட்டார். மரக்குச்சிகளை ஒடித்து முறிந்த எலும்புகளுக்குச் சிம்பு கட்டினார். செத்தவர்களின் தோட்டாக்களைப் பொறுக்கி, சுட்டுக்கொண்டிருந்தவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்று மாலை சுடப்பட்டு இறந்தார். மறுநாள் கண்டெடுத்தபோது ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் மருந்துப் பை. அமெரிக்காவின் உச்ச ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனர் அவர் பெயருக்கு வந்து சேர 2000 டிசம்பர் ஆனது. முப்பத்து நான்கு ஆண்டுகள் என்பது எந்தக் காரணம் சொன்னாலும் நியாயப்படுத்த முடியாத தாமதம்.

பிறகுதான் பெரிய ஹெலிகாப்டர்கள் வந்தன. பச்சையும் பழுப்பும் பூசிய எச்எச்-3இ ரகத்துக்கு, டப்பாக் காய்கறி விளம்பரத்தில் வரும் பச்சை ராட்சதனின் பெயரால் ‘ஜாலி கிரீன் ஜெயன்ட்’ என்ற செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஈரப் புல்லில் அது இறங்கிய தடம் ராட்சதக் காலடி போலப் பதியும் என்பார்கள். அந்த இரண்டு பச்சைப் பாதங்கள் மீட்புப் பிரிவினரின் இன்னொரு சின்னமாயின. தேவதையைத் தந்தது மேலிடம் என்றால், பாதங்கள் வீரர்கள் தாமே வைத்துக்கொண்டவை. உடம்பில் பச்சை குத்திக்கொள்ளும் வழக்கமும் உண்டு. தென்கிழக்கு ஆசியாவில் இந்தப் பிரிவுகள் மீட்ட உயிர்கள் 3,883. அதற்குக் கொடுத்த விலை 71 மீட்பு வீரர்கள், 45 விமானங்கள்.

இந்த விலை நியாயமா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 1972 ஏப்ரலில் 53 வயது விமானப் படை அதிகாரி ஐசியல் ஹாம்பிள்டன் குவாங் ட்ரி மாகாணத்தில் விழுந்தபோது, அவரை மீட்கப் போன ஜாலி கிரீன் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டு ஆறு பேரும் மாண்டார்கள். அவருக்கு ஆபத்து நேராதிருக்கப் பெரும்பரப்பில் பீரங்கித் தாக்குதலுக்கே தடை போட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் அங்கே சண்டையிட்டுக்கொண்டிருந்த தென் வியட்நாம் வீரர்கள். கடைசியில் அவரைக் கொண்டுவந்தவர்கள் கடற்படையின் தாமஸ் நோரிஸும், நுயென் வான் கியெட் என்ற வியட்நாமியரும். இரவில் சிறு படகில் துடுப்புப் போட்டுப் போனார்கள். ஓர் அமெரிக்கருக்காக எத்தனை வியட்நாமியர் என்ற கணக்கை அந்தத் தடையை விதித்தவர்கள் போட்டுப் பார்க்கவில்லை. அது மேலிடத்தின் குற்றம். கயிற்றில் இறங்கியவர்களின் குற்றமல்ல.

அப்படி இறங்கியவர்களின் பிரிவுகள் வியட்நாமுக்குப் பிறகு மறுபடி தேய்ந்தன. பெரிய மீட்பு ஹெலிகாப்டர்கள் 1980-களில் சிறப்பு அதிரடிப் படைகளின் கைக்குப் போயின. 1991 வளைகுடாப் போரில் விழுந்த விமானிகளை மீட்கும் பொறுப்பும் அந்தப் படைகளின் தலையில் கூடுதல் வேலையாக ஏறியது. மீட்கப்பட்டவர்கள் சிலரே, இராக்கியர் கையில் சிறைப்பட்டவர்கள் பலர்.

அமைதிக் காலத்தில் இவர்களுக்கு வேலை இல்லை என்ற வாதம் எடுபடாது. ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக் தளத்தில் இருந்த 56-வது மீட்பு ஸ்குவாட்ரன், 1994 ஜனவரி 10 அன்று கடும் புயலில் அந்தத் தீவின் மறுகோடிக்குப் பறந்து, கரைதட்டி உடைந்துகொண்டிருந்த ‘கோதின்’ கப்பலிலிருந்து ஆறு பேரை மீட்டது. 2006-இல் அமெரிக்கா தளத்தை மூட, ஸ்குவாட்ரனும் கிளம்பியது. பிரிட்டனில், பல பத்தாண்டுகள் மலையேறிகளையும் மீனவர்களையும் காத்த விமானப் படையின் மஞ்சள் ஹெலிகாப்டர்கள் 2015-இல் விடைபெற, அந்த வேலை பிரிஸ்டோ என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது.

எந்த நாடாக இருந்தாலும் மீட்புப் பிரிவுக்குத் தனி ஹெலிகாப்டர், தனி மருத்துவ வீரர்கள், அமைதிக் காலத்திலும் குறையாத பயிற்சி நேரம் மூன்றும் வேண்டும். செலவைக் காட்டி அவற்றை வெட்டும் அதிகாரிகள், பாராசூட் மீட்பு வீரர் ஒருவரின் பயிற்சிக் காலத்தையும் கணக்கில் சேர்க்கட்டும். பாராசூட், ஆழ்கடல் முக்குளிப்பு, மலையேற்றம், அவசர மருத்துவம் எல்லாம் கற்றுத் தேறி ஒருவர் பணிக்கு வர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இன்று கலைத்த பிரிவை, நாளை போர் மூண்டபின் ஓர் உத்தரவில் திரும்பக் கொண்டுவர முடியாது.